கெஸ்ட் நம்புவதும் ஹோஸ்ட் செய்வதும்

விர்ச்சுவல் மெஷினுக்கு ஒரு நிஜ ஹார்டுவேரை நேரடியாகக் கொடுப்பதை பாஸ்த்ரூ என்கிறோம். இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்கள் பயப்படுவதெல்லாம் ஐஓஎம்எம்யூ குரூப்பைப் பார்த்துத்தான். கார்டு எந்தக் குரூப்பில் இருக்கிறது, அதோடு வேறு என்னென்ன ஒட்டிக்கொண்டு வருகின்றன, மெமரி மேப்பிங் சரியா என்று நாள்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் இவையெல்லாம் ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால், மெஷினை அணைக்கும்வரை பெரும்பாலும் அப்படியே கிடக்கும். இன்டரப்ட் அப்படி இல்லை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கெஸ்ட்டில் உள்ள டிரைவர் நினைத்த நேரத்தில் இன்டரப்ட் மோடை மாற்றும், திரும்பவும் மாற்றும். "கார்டு தெரியுது, டிரைவரும் ஏறிடுச்சு, ஆனா வேலை செய்யல" என்று என்னிடம் வந்த புகார்களில் பெரும்பங்கு இந்த மாற்றங்களில் ஏதோ ஒன்றில்தான் போய் முடிந்திருக்கிறது.

பல வருடங்களாக லினக்ஸில் கேவிஎம், கியூமு, விஎஃப்ஐஓ மூன்றையும் சுற்றியே என் பிழைப்பு. இந்தக் காலத்தில் என்னிடம் உறுதிப்பட்ட கேள்வி ஒன்றுதான்: தன் கார்டு எந்த மோடில் இருப்பதாக கெஸ்ட் நம்புகிறதோ, அதே மோடில் நிஜக் கார்டு ஹோஸ்டில் இருக்கிறதா? இதற்கு "ஆமாம்" என்று ஆதாரத்தோடு சொல்ல முடியாதவரை வேறு எதையும் தோண்டக் கூடாது என்பது என் கட்சி.

மோடுகள் மூன்று. பழையது ஐஎன்டிஎக்ஸ். பிசிஐ பஸ்ஸில் ஏ, பி, சி, டி என்று நான்கு இன்டரப்ட் கம்பிகள். அவற்றைப் பல கார்டுகள் பகிர்ந்துகொள்ளும். ஸ்டோர் வீடுகளில் எல்லாக் குடித்தனத்துக்கும் சேர்த்து வாசலில் ஒரே அழைப்பு மணி இருக்குமே, அதுபோல. மணி அடித்தால் ஒவ்வொரு வீட்டாரும் எட்டிப் பார்த்து "நமக்கா?" என்று கேட்டாக வேண்டும், உரியவர் வந்து கவனிக்கும்வரை மணி ஓயாது. பிசிஐ எக்ஸ்பிரஸில் அந்தக் கம்பி நிஜமாகக் கிடையாது, ஆனாலும் ஏற்றுவதற்கு ஒரு செய்தி, இறக்குவதற்கு ஒரு செய்தி என்று அதே நடத்தையை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அடுத்தது 1998-இல் பிசிஐ 2.2 விவரக்குறிப்போடு வந்த எம்எஸ்ஐ. இதில் கம்பியே இல்லை. கார்டு ஒரு குறிப்பிட்ட முகவரியில் ஒரு சிறு எண்ணை எழுதும். அந்த எழுத்துதான் இன்டரப்ட். அதிகபட்சம் 32 வெக்டர், அதையும் 1, 2, 4, 8 என்றுதான் கேட்க முடியும். மூன்றாவது எம்எஸ்ஐ-எக்ஸ். 2048 வெக்டர் வரை போகலாம். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி, தனி எண், தனி மாஸ்க் பிட். ஒரு கார்டு ஒரு நேரத்தில் இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்க முடியும்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, நம்ம கார்டு எல்லாமே எம்எஸ்ஐ-எக்ஸ்தான். ஐஎன்டிஎக்ஸைப் பத்தி நாம ஏன் கவலைப்படணும்?" நல்ல கேள்வி, பலரும் கேட்கத் தயங்கும் கேள்வியும்கூட. பதில் இதுதான். மெஷின் எழுந்து கெஸ்ட் டிரைவர் ஏறும்வரை கார்டு ஐஎன்டிஎக்ஸில் இருக்கிறது. டிரைவரை இறக்கினால் மறுபடி ஐஎன்டிஎக்ஸ். ரீசெட் ஆனால் ஐஎன்டிஎக்ஸ். கெஸ்ட் கவிழ்ந்து கிராஷ் கர்னல் எழுந்தால், நடுவில் ஐஎன்டிஎக்ஸ். கெஸ்ட் எம்எஸ்ஐ-எக்ஸை அணைத்த மறுகணம் கியூமு ஹோஸ்ட் பக்கத்தில் ஐஎன்டிஎக்ஸைத் திரும்ப எழுப்புகிறது, ஏனென்றால் நிஜ ஹார்டுவேர் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஆக, நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் எல்லாப் பயணமும் ஐஎன்டிஎக்ஸ் வழியாகத்தான். அதனால் அதை முதலில், பொறுமையாகப் புரிந்துகொள்வது நல்லது.

கார்டு கம்பியை ஏற்றியதும் ஹோஸ்ட் கர்னலில் உள்ள விஎஃப்ஐஓ ஹேண்ட்லர் ஓடும். அதற்கு ஒரு தர்மசங்கடம். இந்தக் கார்டை எப்படி அமைதிப்படுத்துவது, எந்த ரிஜிஸ்டரில் எதை எழுதினால் கம்பி இறங்கும் என்பது கெஸ்ட் டிரைவருக்குத்தான் தெரியும், விஎஃப்ஐஓவுக்குத் தெரியாது. கம்பியை ஏறியபடியே விட்டுவிட்டால் ஹோஸ்ட் இன்டரப்ட் வெள்ளத்தில் மூழ்கிவிடும். எனவே அது பொதுவான ஒரு வழியைப் பிடிக்கிறது. பிசிஐ 2.3 முதல் கமாண்ட் ரிஜிஸ்டரின் 10-ஆவது பிட்டுக்கு "ஐஎன்டிஎக்ஸை நிறுத்து" என்று பொருள். ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரின் 3-ஆவது பிட் "நான்தான் கூப்பிட்டேன்" என்று சொல்லும். ஹேண்ட்லர் ஸ்டேட்டஸைப் பார்க்கிறது, நம் கார்டுதான் என்றால் கமாண்ட் பிட்டை ஏற்றி வாயை அடைக்கிறது (இதுதான் மாஸ்க்), பிறகு ஈவென்ட்-எஃப்டி வழியாக கெஸ்ட்டுக்குத் தகவல் அனுப்புகிறது. கெஸ்ட் டிரைவர் தன் வேலையை முடித்து, "முடிந்தது" என்னும் ஈஓஐ குறிப்பை விர்ச்சுவல் இன்டரப்ட் கன்ட்ரோலரில் எழுதுகிறது. கேவிஎம் அதைக் கண்டு விஎஃப்ஐஓவுக்குச் சொல்கிறது; விஎஃப்ஐஓ மாஸ்க்கை எடுக்கிறது. கம்பி இன்னமும் ஏறியிருந்தால் அடுத்த சுற்று உடனே தொடங்கும்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் விளைவு ஒன்றுதான்: கார்டு ஊமையாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஹோஸ்டில் ப்ராக் அடைவிலுள்ள இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்தால், விஎஃப்ஐஓ-ஐஎன்டிஎக்ஸ் என்ற பெயரோடு, பக்கத்தில் கார்டின் பிசிஐ முகவரியோடு ஒரு வரி இருக்கும். அந்த வரியின் எண்ணிக்கை 1-க்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டால், இன்டரப்ட் வந்தது, மாஸ்க் ஆனது, அதை எடுக்க யாரும் வரவில்லை என்று பொருள். ஈஓஐ பாதையைத் தேடுங்கள். மாறாக எண்ணிக்கை தறிகெட்டு ஏறுகிறது, கெஸ்ட்டில் மட்டும் எதுவும் நகரவில்லை என்றால், கெஸ்ட் டிரைவர் காரணத்தைத் தீர்க்காமலே ஈஓஐ எழுதுகிறது. தவறான மோடில் இருப்பதாக நம்பும் டிரைவரின் குணம் இது. இந்த இரண்டு அறிகுறிகளைப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி நாள் மிச்சம்.

கேவிஎம் அந்த ஈஓஐ தகவலைத் தர முடியாத அமைப்புகளும் உண்டு. அங்கே கியூமு ஓர் அழகான தந்திரம் செய்கிறது. கார்டின் ரிஜிஸ்டர் பகுதிகள் வழக்கமாக கெஸ்ட்டுக்கு நேரடியாகத் திறந்திருக்கும். இன்டரப்ட் வந்தவுடன் கியூமு அந்த நேரடிப் பாதையை மூடிவிடும். இனி கெஸ்ட் எந்த ரிஜிஸ்டரைத் தொட்டாலும் கியூமுவின் கையில் வந்து மாட்டும். "தொட்டுவிட்டான், அப்படியானால் இன்டரப்ட்டைக் கவனித்துவிட்டான்" என்று வைத்துக்கொண்டு மாஸ்க்கை எடுக்கும். பிறகு 1,100 மில்லி விநாடி இன்டரப்ட் ஏதும் இல்லாவிட்டால் நேரடிப் பாதையைத் திரும்பத் திறக்கும். அது ஏன் 1,100? பிங் கட்டளை விநாடிக்கு ஒருமுறை போகும். நெட்வொர்க் கார்டில் பிங் ஓடும்வரை பாதை திறக்காமலே இருக்க, ஒரு விநாடிக்குச் சற்றே மேலான அவகாசம் போதும். அதற்காகவே அந்த எண் என்று கியூமுவின் மூலநிரலிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு நேரடிப் பாதை மூடினால் தாங்காது. நெட்வொர்க் கார்டுக்கு அடிக்கடி மூடித் திறப்பது தாங்காது. இரண்டுக்கும் ஒரே எண்ணில் வழி கண்டிருக்கிறார்கள். ஒரு சிறு மாறிலிக்குப் பின்னால் இவ்வளவு யோசனை இருப்பதைப் படித்த நாளிலிருந்து, மூலநிரலில் கருத்துரைகளைத் தாண்டிப் போவதை விட்டுவிட்டேன்.

கார்டுக்கு அந்த 2.3 வசதி இல்லாவிட்டால் என்ன ஆகும்? விஎஃப்ஐஓ கம்பியின் மூலத்தையே, அதாவது அந்த ஐஆர்க்யூ எண்ணையே, மொத்தமாக மூடித் திறக்க வேண்டிவரும். பகிர்ந்த எண்ணாக இருந்தால் பக்கத்துக் கார்டும் சேர்ந்து செத்துப்போகும். எனவே அது தனி உரிமை கேட்கும். வேறு யாராவது ஏற்கெனவே அந்த எண்ணில் உட்கார்ந்திருந்தால், மெஷின் எழும்போதே "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி" என்று விழும். இந்தச் செய்தியைக் கண்டதும் பலர் கார்டையே மாற்றிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் ஹோஸ்டின் இன்டரப்ட்ஸ் கோப்பில் அதே எண்ணில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஹோஸ்டுக்குத் தேவையே இல்லாத ஏதோ ஒரு யூஎஸ்பி கன்ட்ரோலரோ ஒலி சாதனமோ இருக்கும். அதன் டிரைவரைக் கழற்றினாலோ, கார்டை வேறு ஸ்லாட்டில் செருகினாலோ சிக்கல் தீர்ந்துவிடும்.

இதைவிட மோசமானவை, வசதி இருப்பதாகச் சொல்லிவிட்டு ஏமாற்றும் கார்டுகள். இன்டெலின் எக்ஸ்எல்710 வகை நெட்வொர்க் கார்டுகளில் ஐஎன்டிஎக்ஸை நிறுத்தும் பிட் வேலை செய்யும். "நான்தான் கூப்பிட்டேன்" என்னும் ஸ்டேட்டஸ் பிட் வேலை செய்யாது. ஹேண்ட்லர் ஸ்டேட்டஸைப் பார்த்து "நம்முடையது இல்லை" என்று திரும்பிவிடும், கம்பி இறங்காது, இன்டரப்ட் மறுபடி வரும். யாருமே ஏற்காத இன்டரப்ட்களை லினக்ஸ் எண்ணிக்கொண்டே இருக்கிறது. 1,00,000 வந்ததில் 99,900-க்கு மேல் அநாதையாகப் போனால் "நோபடி கேர்ட்" என்று பதிவு எழுதிவிட்டு அந்த எண்ணையே அணைத்துவிடும். அந்த எண்ணைப் பகிர்ந்துகொண்டிருந்த மற்ற சாதனங்களும் அதோடு போயின. லினக்ஸில் இதற்குக் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. இப்படிப்பட்ட கார்டுகளுக்கு விஎஃப்ஐஓ, "இந்தக் கார்டில் ஐஎன்டிஎக்ஸே கிடையாது" என்று கெஸ்ட்டிடம் சொல்லிவிடுகிறது. இன்டரப்ட் பின் பூஜ்யம் என்று காட்டி, ஹோஸ்டில் அந்த நிறுத்தும் பிட்டை நிரந்தரமாக ஏற்றி வைக்கிறது. எம்எஸ்ஐ-எக்ஸ் கிடைக்காத கெஸ்ட் டிரைவர் சுத்தமாகப் பிழை சொல்லி வெளியேறும்; அரைகுறையாக ஓடி ஆளைப் பைத்தியமாக்காது. நீங்களே இப்படியொரு அடுக்கை எழுதும்போது, ஒரு மோடைச் சரியாகத் தர முடியாவிட்டால் அதைத் தராமல் மறைத்துவிடுங்கள். பாதி வேலை செய்யும் மோட்தான் எல்லாவற்றிலும் ஆபத்து.

இனி எம்எஸ்ஐ-எக்ஸ். கெஸ்ட் தன் அட்டவணையில் எழுதும் முகவரியும் எண்ணும் கெஸ்ட்டின் உலகத்தைச் சேர்ந்தவை. அவற்றை அப்படியே நிஜக் கார்டில் எழுதினால் ஹோஸ்டுக்குப் பொருளற்ற, ஆபத்தான இன்டரப்ட்கள்தான் வரும். எனவே அட்டவணையில் கெஸ்ட் எழுதுவதைக் கியூமு இடைமறித்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. நிஜ அட்டவணையை ஹோஸ்ட் கர்னல் தன் கணக்குப்படி நிரப்புகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு வெக்டருக்கும் ஓர் ஈவென்ட்-எஃப்டி பாலம். ஆக, கெஸ்ட்டில் எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டுவது கெஸ்ட்டுக்குச் சொல்லப்பட்ட கதை. ஹோஸ்டில் அதே கட்டளை காட்டுவதுதான் கார்டின் நிலை.

இந்த இரட்டைத் தன்மையால் வரும் நுட்பமான சிக்கல் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். லினக்ஸ் கெஸ்ட்டில் டிரைவர் எம்எஸ்ஐ-எக்ஸைக் கேட்கும்போது, கர்னல் முதலில் "எம்எஸ்ஐ-எக்ஸ் இயங்கட்டும்" என்னும் பிட்டை ஏற்றுகிறது. ஆனால் எல்லா வெக்டர்களையும் மாஸ்க் செய்தே வைத்திருக்கிறது. டிரைவர் ஒவ்வொரு வெக்டருக்கும் ஹேண்ட்லரைப் பதிவு செய்யும்போதுதான் அந்தந்த மாஸ்க் விலகும். அது நெடுநேரம் கழித்துக்கூட நடக்கலாம். "வெக்டர் உபயோகத்துக்கு வரும்போது ஹோஸ்டில் மோடை மாற்றினால் போதாதா, அதுவரை யாருக்கு என்ன நஷ்டம்" என்றுதான் எவருக்கும் தோன்றும். நஷ்டம் கார்டின் ஃபர்ம்வேருக்கு. சில கார்டுகளில் விர்ச்சுவல் ஃபங்ஷனும் ஃபிசிகல் ஃபங்ஷனும், அல்லது டிரைவரும் ஃபர்ம்வேரும், தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது கார்டின் நிஜ மோட் என்ன என்பதைப் பார்த்தே முடிவெடுக்கின்றன. கெஸ்ட் எம்எஸ்ஐ-எக்ஸ் என்று நம்பி ஃபர்ம்வேருக்குக் கட்டளை அனுப்புகிறது. ஃபர்ம்வேரோ "நான் இன்னும் ஐஎன்டிஎக்ஸில் அல்லவா இருக்கிறேன்" என்று பதிலை வேறு வழியில் தருகிறது, அல்லது தருவதே இல்லை. டிரைவர் காத்திருந்து காலாவதியாகிறது. பதிவில் தெரிவதெல்லாம் "ஃபர்ம்வேர் பதிலளிக்கவில்லை" என்ற ஒரு வரி மட்டுமே. அதைப் பார்த்தவர் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கப் போவார், கார்டை மாற்றப் போவார். இன்டரப்ட் பக்கம் திரும்பவே மாட்டார்.

கியூமு இதற்குச் செய்வது எளிது. கெஸ்ட் அந்த ஒரு பிட்டை ஏற்றிய அதே கணத்தில், யாரும் கேட்காவிட்டாலும், வெக்டர் 0-ஐ ஹோஸ்டில் எம்எஸ்ஐ-எக்ஸாக இயக்கிவிடுகிறது. இன்டரப்ட் எதுவும் போகாது. ஆனால் கார்டின் நிஜ மோட் கெஸ்ட்டின் நம்பிக்கையோடு ஒத்துப்போகும். சொந்தமாக விர்ச்சுவல் மெஷின் மானிட்டர் எழுதுபவர்கள் இந்த வரிகளைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

பழைய கேவிஎம் டிவைஸ் அசைன்மென்ட் இதற்கு நேர்மாறான ஒரு வசதியை வைத்திருந்தது. கெஸ்ட் ஐஎன்டிஎக்ஸ் என்று நினைத்தாலும் ஹோஸ்டில் எம்எஸ்ஐயைப் பயன்படுத்து என்னும் விருப்பம் அது. பகிர்ந்த கம்பித் தொல்லையிலிருந்து தப்பிக்க நல்ல வழி போலத் தெரியும். ஆனால் ஐஎன்டிஎக்ஸில் கம்பி இறங்கும்வரை கார்டு கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். எம்எஸ்ஐயில் ஒருமுறை எழுதிவிட்டுப் போய்விடும். ஒரு மோடுக்கான ஒழுங்கில் எழுதப்பட்ட டிரைவர், மறு மோடில் இருக்கும் கார்டை ஓட்டினால் எப்போதாவது ஒரு இன்டரப்ட் காணாமல் போகும். எப்போதாவது என்பதுதான் கொடுமை. அந்தப் பழைய அசைன்மென்ட் முறையே லினக்ஸ் 4.12-இல், 2017-இல், முழுமையாக நீக்கப்பட்டது. மோடுகளை மொழிபெயர்க்க வேண்டாம், அப்படியே பிரதிபலியுங்கள் என்பதே என் தீர்மானமும்.

வெக்டர்களைக் கூட்டுவதிலும் ஒரு பொறி இருந்தது. முன்பு, இயங்கிக்கொண்டிருக்கும் எம்எஸ்ஐ-எக்ஸில் இன்னொரு வெக்டரைச் சேர்க்க வேண்டுமானால், எல்லாவற்றையும் கலைத்துவிட்டு அதிக எண்ணிக்கையோடு புதிதாக அமைக்க வேண்டும். அந்த இடைவெளியில் வந்த இன்டரப்ட் போனது போனதுதான். லினக்ஸ் 6.5 முதல் விஎஃப்ஐஓ வெக்டர்களை ஓடும்போதே சேர்க்க விடுகிறது. கார்டு அதற்கு ஒத்துழைக்குமா என்பதை இன்டரப்ட் விவரம் கேட்கும் அழைப்பு ஒரு கொடியின் வழியாகச் சொல்லிவிடும். ஹோஸ்ட் கர்னல் அதற்கு முந்தையது என்றால், கெஸ்ட்டுக்குத் தேவைப்படக்கூடிய வெக்டர்களை முன்கூட்டியே மொத்தமாக ஒதுக்கிவிடுவது பாதுகாப்பு. ஒதுக்கும் அழைப்பு பூஜ்யத்துக்கு மேலான எண்ணைத் திருப்பினால் அதை வெற்றி என்று எண்ணிவிடாதீர்கள். "நீ கேட்டது இல்லை, இவ்வளவுதான் தர முடியும்" என்று அது சொல்கிறது, எதுவும் ஒதுக்கப்படவில்லை. அந்த எண்ணோடு திரும்பக் கேட்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரே ஒரு விஷயம், ஆனால் அழுத்தமாக. எம்எஸ்ஐ என்பது கார்டு செய்யும் மெமரி எழுத்து என்றேன். எக்ஸ்86 இயந்திரங்களில் எஃப்ஈஈ என்று தொடங்கும் முகவரிப் பகுதியில் எழுதினால் அது இன்டரப்ட். கார்டின் டிஎம்ஏ கெஸ்ட்டின் கையில் இருக்கிறது. கெட்ட எண்ணமுள்ள கெஸ்ட், அந்தப் பகுதியில் கார்டை எழுதச் சொல்லி ஹோஸ்டில் விரும்பிய இன்டரப்ட்டைக் கிளப்ப முடியும். 2011-இல் ரஃபால் வோய்ச்சுக், யோவான்னா ருட்கோவ்ஸ்கா இருவரும் இன்டெல் விடி-டி பற்றிய தங்கள் ஆய்வில் இதைச் செய்தே காட்டினார்கள். இன்டரப்ட் ரீமேப்பிங் இருந்தால் ஒவ்வொரு எழுத்தும் ஓர் அனுமதி அட்டவணையைக் கடந்துதான் உள்ளே வரும். அது இல்லாத இயந்திரத்தில் விஎஃப்ஐஓ பாஸ்த்ரூவை மறுத்துவிடும். "பாதுகாப்பற்ற இன்டரப்ட்களை அனுமதி" என்ற பொருளில் ஒரு மாட்யூல் அளவுருவையும் சொல்லித் தரும். இணையத்தில் பல வழிகாட்டிகள் அதை ஏதோ சாதாரண அமைப்புபோல ஒட்டச் சொல்கின்றன. உங்கள் வீட்டு மேசையில், உங்களுக்கே உங்களுக்கான கெஸ்ட் என்றால் சரி. மற்றவர்களின் கெஸ்ட் ஓடும் சர்வரில் அந்த அளவுருவைப் போடாதீர்கள். அந்த இயந்திரத்தையே ஓய்வுக்கு அனுப்புங்கள்.

வீட்டில் விண்டோஸ் கெஸ்ட்டுக்குக் கிராபிக்ஸ் கார்டு கொடுத்தவர்கள் அடிக்கடி சொல்லும் தொல்லை வேறு: படம் அருமையாக வருகிறது, எச்டிஎம்ஐ ஒலி மட்டும் கரகரக்கிறது. கார்டின் ஒலிப் பகுதி ஐஎன்டிஎக்ஸில் ஓடிக்கொண்டிருப்பது இதற்கு ஒரு வழக்கமான காரணம். ஒவ்வொரு இன்டரப்ட்டுக்கும் மாஸ்க், ஈஓஐ, மாஸ்க் விலக்கல் என்று அந்த நீண்ட சங்கிலி முழுதும் ஓட வேண்டியிருப்பதால் நேரம் தவறுகிறது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் வளங்களை வகைப்படி காட்டச் சொல்லி, இன்டரப்ட் பட்டியலைத் திறங்கள். எம்எஸ்ஐயில் இருக்கும் சாதனங்களுக்கு எதிர்ம எண் இருக்கும். நேர் எண் என்றால் பழைய கம்பி மோட். ரெஜிஸ்ட்ரியில் அந்தச் சாதனத்தின் இன்டரப்ட் மேனேஜ்மென்ட் பகுதிக்குக் கீழே எம்எஸ்ஐ-சப்போர்ட்டட் என்னும் மதிப்பை 1 ஆக்கி, மெஷினை மறுபடி தொடங்கினால் போதும். செய்வதற்கு முன் ஹோஸ்டில் எல்எஸ்பிசிஐ மூலம் கார்டு எம்எஸ்ஐயை ஆதரிக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஆதரிக்காத சாதனத்துக்கு இதை ஏற்றினால் விண்டோஸ் எழாமலே போகலாம். டிரைவரைப் புதுப்பித்தால் இந்த மதிப்பு அழிந்துபோவதும் உண்டு. "நேற்றுவரை நன்றாக இருந்தது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் இங்கேதான் பார்ப்பேன். லினக்ஸ் கெஸ்ட்டில் என்விடியா டிரைவருக்கும் இன்டெல் எச்டி ஒலி டிரைவருக்கும் எம்எஸ்ஐயை இயக்கும் மாட்யூல் அளவுருக்கள் தனித்தனியே இருக்கின்றன.

எல்லாப் பயணமும் ஐஎன்டிஎக்ஸ் வழியாகத்தான் என்றதற்கு விதிவிலக்கும் உண்டு: எஸ்ஆர்-ஐஓவி விர்ச்சுவல் ஃபங்ஷன்களுக்கு ஐஎன்டிஎக்ஸ் கிடையவே கிடையாது. அதனால்தான் ஐஎன்டிஎக்ஸை மட்டுமே அறிந்த யூஐஓ-பிசிஐ-ஜெனரிக் டிரைவரோடு டிபிடிகே ஓட்டுபவர்கள் விர்ச்சுவல் ஃபங்ஷனில் முட்டி நிற்கிறார்கள். விஎஃப்ஐஓவுக்கு மாறிவிடுங்கள்.

வேகம் வேண்டுபவர்களுக்கு எம்எஸ்ஐ குடும்பத்தை விட்டால் வழியில்லை. லினக்ஸ் 4.4 முதல், ஆதரிக்கும் இன்டெல் இயந்திரங்களில், கார்டின் இன்டரப்ட் ஹோஸ்டைத் தட்டாமலே ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் சிபியுவுக்கு நேரே போய்ச் சேரும். ஐஎன்டிஎக்ஸுக்கு இந்தக் குறுக்குவழி இல்லை. ஒரு நிறுவனத்தில், பத்து கிகாபிட் கார்டு கொடுத்தும் கெஸ்ட் மூச்சுத் திணறுகிறது என்று கூப்பிட்டார்கள். சிபியு ஒதுக்கீடு, ஹியூஜ் பேஜ், நியூமா எல்லாவற்றையும் அவர்களே பலமுறை சோதித்திருந்தார்கள். ஹோஸ்டின் இன்டரப்ட்ஸ் கோப்பில் எட்டு எம்எஸ்ஐ-எக்ஸ் வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் விஎஃப்ஐஓ-ஐஎன்டிஎக்ஸ் என்று ஒற்றை வரி. ஒரே சிபியுவின் பத்தியில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. கெஸ்ட்டின் பூட் வரியில் "பிசிஐ சமம் நோஎம்எஸ்ஐ" என்ற அளவுரு ஒளிந்திருந்தது. எப்போதோ வேறு ஏதோ சிக்கலுக்காக யாரோ சேர்த்தது. அந்த இமேஜிலிருந்து பிரதி எடுத்த எல்லா மெஷின்களுக்கும் பரவியிருந்தது. அளவுருவை நீக்கியதும் கார்டு நிமிர்ந்தது.

அதே அளவுருவைச் சோதனைக் கருவியாகவும் வைத்துக்கொள்ளலாம். ஒரு லினக்ஸ் கெஸ்ட்டை நோஎம்எஸ்ஐயோடு எழுப்பினால் ஐஎன்டிஎக்ஸ் பாதை முழுவதையும் தனியாகச் சோதிக்க முடியும். கியூமு பக்கத்திலும் இதற்குக் கதவுகள் உண்டு. ஐஎன்டிஎக்ஸ், எம்எஸ்ஐ, எம்எஸ்ஐ-எக்ஸ் மூன்றுக்கும் எக்ஸ்-நோ-கேவிஎம் என்று தொடங்கும் தனித்தனி விருப்பங்கள் இருக்கின்றன. அவற்றை இயக்கினால் இன்டரப்ட் கர்னலுக்குள்ளேயே கடந்துபோகாமல் கியூமு வழியாக வரும். ட்ரேஸில் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்கலாம். வேகம் செத்துவிடும், ஆனால் தொலைந்துபோன இன்டரப்ட்டைத் தேடும்போது வேகம் யாருக்கு வேண்டும்? இந்த விருப்பத்தை இயக்கியதும் சிக்கல் மறைந்துவிட்டால், கார்டையும் கெஸ்ட் டிரைவரையும் சந்தேகப் பட்டியலில் கீழே தள்ளிவிட்டு அந்தக் கர்னல் பாதையை, அதாவது ஐஆர்க்யூ-எஃப்டி ரூட்டிங்கை, முதலில் பார்ப்பேன்.

சொந்தமாக இந்த அடுக்கை எழுதுபவர்களுக்குச் சில வார்த்தைகள். மோட் என்பதை ஒரே ஒரு மாறியில் வையுங்கள்: ஒன்றுமில்லை, ஐஎன்டிஎக்ஸ், எம்எஸ்ஐ, எம்எஸ்ஐ-எக்ஸ். நான்கைத் தவிர வேறு நிலை இருக்கக் கூடாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பழையதை முழுதாகக் கலைத்து, அதன் ஈவென்ட்-எஃப்டிகளையும் கேவிஎம் பாலங்களையும் கழற்றிய பிறகே புதியதைத் தொடுங்கள். ரீசெட் வந்தால் முதல் வேலை எல்லா இன்டரப்ட்டையும் கலைப்பது. கார்டைத் தட்டி எழுப்புவது அதன் பிறகுதான். இன்டரப்ட் ஒவ்வொன்றுக்கும் வெக்டரை மாஸ்க் செய்து திரும்ப விலக்கும் பழைய கெஸ்ட்கள் இன்னும் உலவுகின்றன. அவற்றுக்காக ஒவ்வொரு மாஸ்க்கிலும் கேவிஎம் அமைப்பைக் கலைக்காதீர்கள். கியூமு செய்வதுபோல அந்தப் பாலத்தை அப்படியே விட்டுவிட்டு, இன்டரப்ட்டைத் தற்காலிகமாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டால் போதும். ஹோஸ்ட் கர்னலைப் புதுப்பித்தும் வையுங்கள்: 2024-இல்கூட விஎஃப்ஐஓவின் ஐஎன்டிஎக்ஸ் பகுதியில், ஈவென்ட்-எஃப்டி கழற்றப்பட்ட நிலையிலும் சிக்னல் போகக்கூடிய பாதுகாப்புக் குறைகளைக் கண்டு திருத்தினார்கள். 2012-இல் கர்னலுக்குள் வந்த நிரல் அது. அத்தனை கண்கள் பார்த்த இடத்திலேயே மோட் மாற்றம் இவ்வளவு வழுக்குகிறது.

சோதனைப் பட்டியலில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். கெஸ்ட்டில் டிரைவரை ஏற்றி, போக்குவரத்தை ஓடவிட்டு, ஓட்டத்தின் நடுவிலேயே இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். இதை இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் ஹோஸ்டின் இன்டரப்ட்ஸ் கோப்பில் எம்எஸ்ஐ-எக்ஸ் வரிகளின் எண்ணிக்கை முதல்நாள் இருந்ததே இருக்க வேண்டும்; ஐஎன்டிஎக்ஸ் வரி எதுவும் எஞ்சியிருக்கக் கூடாது; கர்னல் பதிவில் "நோபடி கேர்ட்" இருக்கக் கூடாது. மூன்றும் தேறினால்தான் வெளியிடுங்கள்.

யாரிடமாவது உதவி கேட்கப் போகிறீர்களா? கெஸ்ட்டின் எல்எஸ்பிசிஐ வெளியீட்டை மட்டும் அனுப்பாதீர்கள். ஹோஸ்டில் அதே கார்டுக்கான எல்எஸ்பிசிஐ, இரண்டு பக்கத்து இன்டரப்ட்ஸ் கோப்பு, இரண்டு கர்னல்களின் பதிப்பு எண், கெஸ்ட்டின் பூட் வரி ஆகியவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். இன்டரப்ட்ஸ் கோப்பைச் சில விநாடி இடைவெளி விட்டு இருமுறை எடுத்து அனுப்புங்கள். எண்கள் நகர்கின்றனவா என்பது ஒரு பிரதியில் தெரியாது.